பந்தியில் எதிர்க்கட்சிக்கும் ஓர் இலை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்ப விருந்தில் அரசியலே பேச வேண்டாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவடி முடிந்து ஏழு கறிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் முப்பது பேராவது கூடுவார்கள். வாயை மூடிக்கொண்டு ரசம் குடித்துவிட்டுப் போகவா வருகிறார்கள்?

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களும் ஒரே கூட்டணிக்குப் போயின. 1982இலும் 1995இலும் நடந்தது இதுவே. இந்த முறை தோற்ற கூட்டணிக்கு ஓட்டுப் போட்டவர்கள் கால் பங்குக்கும் மேல். அவர்கள் பக்கம் பேச, தோற்ற வேட்பாளர்களில் சிலருக்கு இடம் தரும் ‘பெஸ்ட் லூசர்’ முறையில் வந்த இரண்டு பேரைத் தவிர சபையில் ஆள் இல்லை. என் தம்பி அந்தக் கால் பங்கில் ஒருவன். வீட்டிலும் பேசாதே என்றால் அவன் எங்கே போய்ப் பேசுவான்?

2025 ஜூன் பட்ஜெட்டில் முதியோர் பென்ஷன் வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். தம்பிக்கு 59 வயது. இளவயதிலிருந்தே கொத்தனார் வேலை, முட்டி தேய்ந்துவிட்டது. "இவ்வளவு கடனோடு அரசாங்கம் வேறென்ன செய்யும் மாமா?" என்றான் எபேனில் கணக்கராக இருக்கும் தங்கை மகன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, பேச்சும் சூடாக, நன்றாகவே போனது. "பழைய ஆட்சியில் உன் மகளுக்கு வேலை கிடைத்ததே, அந்த விசுவாசம்தான்" என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டுத் தம்பி எழுந்துவிட்டான். நம்முடையது சின்னத் தீவு. யாருக்கு யார் மூலம் வேலை கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதைத் தொடவே கூடாது.

மூத்தவள் என்பதால் என் பேச்சு வீட்டில் செல்லும். அப்புறம் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். பட்ஜெட்டை எவ்வளவு வேண்டுமானாலும் தாக்கலாம். இவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று காரணம் கற்பிக்கக் கூடாது. வேலை, கோயில் சங்கப் பதவி, யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதெல்லாம் விலக்கு. போனும் பந்திக்கு வரக் கூடாது. 2024 அக்டோபரில், தேர்தலுக்கு முன், ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள் வெளியானபோது ஆளுக்கொரு பதிவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, எதிரில் இருந்தவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். நம் ஓட்டுச் சீட்டில் ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே கூட்டணிக்குப் போட வேண்டியதில்லை, ஓட்டுகளைப் பிரித்துப் போடும் ‘கூப்பே திரான்ஷே’ நமக்குப் புதிதும் இல்லை. எந்தக் கட்சி என்று கேட்பதை விட்டுவிட்டு, நம் தொகுதியில் எந்த மூன்று பேர், ஏன் என்று கேட்டேன். மாமாவும் மருமகனும் ஒரே ஆளுக்கு ஆளுக்கொரு ஓட்டுப் போட்டிருந்தார்கள்! அன்று இருவரும் அந்த வேட்பாளரைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

ஆனால் இத்தனை பேச்சிலும் என் தம்பி மனைவியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். சம்பள வேலைக்குப் போகாமல் வீட்டையே பார்த்துக்கொண்ட அவளுக்குக் கம்பெனி பென்ஷன் எதுவும் கிடையாது. தன் பேரில் பணம் வரும் என்று அவள் நம்பியிருந்தது இந்த முதியோர் பென்ஷன் ஒன்றைத்தான். பென்ஷனைப் பற்றிப் பேச அவளைவிட உரிமை உள்ளவர் அந்தப் பந்தியில் யார்? வரும் காவடிக்கு எங்கள் வீட்டில் ஆண்கள் பரிமாறுவார்கள், பெண்கள் முதல் பந்தியில் உட்காருவார்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வாசகர்கள் வீட்டிலும் அப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்