ஒரு வருஷ ஏற்பாடு

மயிலாடுதுறை பக்கம்
5-9-2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடாததுக்குப் பருத்திதான் காரணம். கடைசிப் பறிப்பு எடுத்து நாலு சாக்கு திண்ணையிலேயே கிடக்கிறது. ராத்திரி தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்துப் போட எழுந்துவிடுகிறேன். ஈரம் ஏறிவிட்டால் ஏலத்தில் வியாபாரி சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து முகம் சுளிப்பான். போன வாரம் ஏலத்தில் போட்டதற்கும், நீளிழைப் பருத்திக்கு அரசு குவிண்டாலுக்கு அறிவித்த ஆதரவு விலை 7,521 ரூபாயை ஏலச் சீட்டு தொடவே இல்லை.

ஓவர்டைம் நின்றுபோனதாக எழுதியிருந்தாய். அமெரிக்காக்காரன் ஆகஸ்டிலேயே 25 சதவீதம், அதன் மேல் இன்னொரு 25 என்று நம் சரக்குக்கு வரி போட்டால் திருப்பூர் என்ன செய்யும்! பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்ததில் உங்கள் மில்காரர்களுக்கு மூச்சு வந்தது என்கிறாய். சரிதான். ஆனால் தேதியைப் பார், ஆகஸ்ட் 19. எங்கள் பருத்தி வீடு வந்து சேர்கிற நேரம். செப்டம்பர் 30 வரைதான் என்றார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 31 என்று நீட்டிவிட்டார்கள்.

ஜவுளிப் பேச்சுவார்த்தையில் 'கொஞ்ச காலத்துக்கு' என்றால் எனக்கு நம்பிக்கை வராது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்கிற அந்தக் கோட்டா செக்‌ஷனில் குமாஸ்தாவாக இருந்தவன் நீ, உனக்குத் தெரியாததா? 1961 ஜூலையில் அமெரிக்காவின் கென்னடி அரசு கேட்டு ஜெனீவாவில் எழுதின ஒப்பந்தத்துக்குப் பெயரே 'குறுகிய கால ஏற்பாடு'. ஒரே வருஷத்துக்கு. மலிவான பருத்தித் துணி வந்து குவிந்தால் சந்தை குலைகிறது என்று சொல்லி வாங்குகிற நாடு அளவு கட்டலாம். மறு வருஷமே அது நீண்ட கால ஏற்பாடாச்சு. 1974-ல் கம்பளி, செயற்கை இழையையும் சேர்த்துக்கொண்டது. 1995-லிருந்து பத்து வருஷம் கோட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, 2004 டிசம்பர் 31-ஓடுதான் தொலைந்தது. ஒரு வருஷம் 43 வருஷமாச்சு. கழித்ததிலும் சாமர்த்தியம் பார், 49 சதவீதத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி நீ போன் போட்டு, "இனி கோட்டாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் மாப்ளே" என்று கத்தினாய். எதிர்முனையில் பட்டாசுச் சத்தம். புத்தாண்டுக்கா கோட்டாவுக்கா என்று கேட்டேன்.

அந்தக் காகிதங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். குடிசைத் தொழிலாக நெய்த கைத்தறித் துணி அந்தக் கட்டுப்பாட்டில் வராது. கூறைநாட்டில், நாம் பள்ளிக்கூடம் போகிற வழியில், தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பாரே ஒரு தாத்தா, ஞாபகம் இருக்கிறதா? நாடா ஓடும்போது பேச மாட்டார், நூல் அறுந்தால்தான் நம்மைத் திட்டுவார். தன் மாதிரி ஆட்களைப் பற்றி ஜெனீவாவில் ஒரு வரி இருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. சொல்லியிருந்தாலும், "அதுக்குக் கூலி ஏறுமாடா?" என்றுதான் கேட்டிருப்பார்.

பிரிட்டனோடு ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதே, அதில் உங்களுக்கு ஆர்டர் கூடினால் எனக்கும் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சல் இல்லை. பஞ்சு இறக்குமதி வரியை நீக்குகிற தேதியை மட்டும் எங்கள் பறிப்பு முடிந்து, வித்து முடிந்த பிறகு வைத்திருக்கலாம்.

உன் கம்பெனிக்கு நூல் போடுகிற மில், பஞ்சு எந்த ஜின்னிங் (பருத்தியில் விதை பிரிக்கிற) ஆளிடம் எடுக்கிறது என்று விசாரித்துச் சொல். நாலு சாக்குதான், பெரிய சரக்கில்லை. மழை பிடிப்பதற்குள் போன் போடு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்