வீட்டுச் சந்திப்பை மறந்துவரும் சபைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ சபைகளிலிருந்து வாலிபர்கள் விலகிச் செல்வது பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை, திருகோணமலையில் நீண்டகாலமாகச் சபைப் பொறுப்புகளில் இருந்துவருபவன் என்ற வகையில் மிகுந்த கவனத்துடன் வாசித்தேன். ஆராதனை முறை பழையதாகிவிட்டது, பாடல்கள் இழுவையாக இருக்கின்றன, நல்ல ஒலியமைப்பும் திரையும் இல்லாத ஆலயத்தில் இக்காலப் பிள்ளைகள் தங்கமாட்டார்கள் என்பது கட்டுரையாளரின் முடிவு. அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆயினும் குறை இருக்கும் இடம் அதுவல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் சபைகளில், அங்கத்தவர்களின் வீடுகளுக்குப் போய் நலம் விசாரிக்கும் வீட்டுச் சந்திப்பு சிறிது சிறிதாக நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. நாம் இன்று முறையிடும் பல குறைகள் அதிலிருந்தே பிறக்கின்றன.

கட்டுரையாளர் கவலைப்படும் வாலிபர்களையே எடுத்துக்கொள்வோம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் அடுத்து வரும் ஞாயிறு ஆராதனையில் சித்தியடைந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி முன்னே அழைத்து, கைதட்டி, தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் பெறுபேறு சரிவராத பிள்ளை அன்று ஆலயத்துக்கு வருவதில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வருவதில்லை. தாயிடம் கேட்டால் "தலையிடி" என்பார். மூன்றாம், நான்காம் வாரத்தில் அந்தப் பிள்ளையின் இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிடுவார். அந்த நாட்களில் சபையிலிருந்து யாராவது இருவர் அந்த வீட்டுக்குப் போய், பரீட்சையைப் பற்றி ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தாலே அவன் திரும்பி வந்திருப்பான். அவனை இழந்ததற்குப் பழைய பாடல்களின் மீது பழிபோடுவது நியாயமல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தெரிவது சபையின் ஒரு பகுதி மாத்திரமே. இரவு முழுவதும் கடலில் கிடந்து விடிந்தபின் கரைக்கு வரும் தொழிலாளி, வலையைச் சீர்செய்து மீனை விற்றுக் கொடுத்து வீட்டுக்குப் போகும்போது ஆராதனை முடிந்திருக்கும். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளையை ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டிவர ஆளில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் காணிக்கைத் தட்டில் போட ஒன்றுமில்லை என்ற வெட்கத்தினாலேயே வராமல் நின்றுகொண்டவர்களையும் எனக்குத் தெரியும். இவர்கள் எல்லோருடைய பெயர்களும் எங்கள் அங்கத்தவர் பட்டியலில் இருக்கின்றன.

இங்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதியில் நுண்கடன் எடுத்த பெண்களின் வீடுகளுக்குத் தவணைப் பணம் வசூலிப்பவர் வாரந்தோறும் தவறாமல் வருகிறார். மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருக்கு வேலை போய்விட்டது, எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதே பெண்ணை ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கும் சபைக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. இது எம்மை உறுத்த வேண்டும்.

மெதடிஸ்த மரபில் இதற்கு ஒரு சிறந்த முன்மாதிரி இருக்கிறது. 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூட்டம் நடத்திவந்த கட்டடத்தின் கடனை அடைப்பதற்காக ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்றும், பன்னிரண்டு பேர் கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் ஒருவர் பொறுப்பாக நின்று அதைச் சேர்ப்பது என்றும் ஏற்பாடு செய்தார்கள். பணம் சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கு மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டு வந்து, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். கடன் தீர்க்க வந்த அந்த ஏற்பாட்டிலேயே, மக்களைக் கவனித்துப் பேணும் மேய்ப்புப்பணிக்கான வழி இருப்பதை வெஸ்லி கண்டுகொண்டார். மெதடிஸ்தச் சபைகளில் சிறு தொகுதிகளாகக் கூடும் வகுப்புக் கூட்டங்கள் இப்படித்தான் தொடங்கின. 1814 இல் இத்தீவில் கரையிறங்கிய வெஸ்லியன் மிஷனரிமாரும் அந்த மரபிலிருந்து வந்தவர்களே. கத்தோலிக்க சகோதரர்களின் பங்குகளிலும் அன்பியங்கள் அயலில் உள்ள குடும்பங்களை ஒன்றுசேர்த்து ஏறத்தாழ இதே பணியைச் செய்கின்றன. அவை உயிரோடு இயங்கும் இடங்களில் நோயாளி ஒருவரைப் பற்றிய செய்தி குருவானவருக்கு அன்றே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"அதற்குத்தானே போதகர் இருக்கிறார்" என்று சொல்பவர்கள், ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதியில், ஒருவரே பல ஆலயங்களைக் கவனிக்க வேண்டியிருப்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நல்லடக்கம், திருமணம், கூட்டங்கள், பாடசாலை வைபவங்கள், காணிப் பிரச்சினைக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைதல் என்று அவருடைய கிழமை கரைந்துபோகிறது. வேதாகமத்தில், மோசே தனியாளாகக் காலைமுதல் மாலைவரை நியாயம் விசாரிப்பதைக் கண்ட அவருடைய மாமனார், இப்படிச் செய்தால் நீரும் தளர்ந்துபோவீர், மக்களும் தளர்ந்துபோவார்கள் என்று எச்சரித்தார். எருசலேம் சபையில் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அப்போஸ்தலர் அதையும் தாமே சுமக்காமல், நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். அதுமட்டுமல்ல, போதகர்கள் சில வருடங்களில் இடமாற்றம் பெற்றுப் போகிறவர்கள். குடும்பங்களைப் பற்றி அவர்கள் அறிந்ததும் அவர்களோடு போய்விடுகிறது. ஊரிலேயே இருக்கும் அங்கத்தவர்கள் சந்தித்தால் அந்த உறவு ஊரிலேயே நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய சபையில் உக்கிராணக்காரர் (சபையின் நிர்வாகப் பொறுப்பாளர்) ஒருவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். போன திகதி, போன இருவரின் பெயர், செய்ய வேண்டியது. "மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழை", "கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும்", "கூரைத் தகடு இரண்டு" என்று எழுதப்பட்டிருக்கும். முடிந்ததற்குச் சிவப்புப் பேனையால் கோடு. வீட்டார் நம்பிச் சொன்ன அந்தரங்க விடயங்கள் எதுவும் அதில் இருக்காது. அவை போதகரிடம் வாய்மொழியாக மட்டும், அதுவும் வீட்டாரின் சம்மதத்துடன் சொல்லப்பட்டன.

இந்தக் கடைசி விடயத்தில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். ஒரு வீட்டில் கேட்டது அடுத்த வீட்டில் ஜெபக்குறிப்பாக வெளிவந்தால் இரண்டு வீடுகளும் மூடிக்கொள்ளும். பொறுமையாகக் கேட்கப் பழகியவர்களையே அனுப்ப வேண்டும். இயேசு தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியது போல இருவராகவே போக வேண்டும். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்குப் பெண்களே போக வேண்டும். சந்திப்பின்போது பணம் கேட்கவே கூடாது. இந்து, இஸ்லாமிய, பௌத்த அயலவர்களோடு நெருங்கி வாழும் எங்கள் மாவட்டத்தில், சபையின் சந்திப்பு தன் அங்கத்தவர் வீடுகளுக்கே என்பது எல்லோருக்கும் தெளிவாக இருப்பதும் நல்லது. அயலவருக்கு ஒரு கஷ்டம் என்றால் அயலவராகப் போய் உதவுவோம். அதில் வேறு நோக்கம் கலக்கக் கூடாது.

பிரசங்கத்துக்கு எங்கள் சபைகளில் குறைவிருந்ததில்லை. 1948 இல் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் ஆரம்பிக்கப்பட்டபோது அங்கு பிரசங்கித்த டி.ரி. நைல்ஸ் எங்கள் தமிழ்ச் சபையில் வளர்ந்தவர். இன்றும் நல்ல பிரசங்கிமார் இருக்கிறார்கள். ஆனால் பவுல் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெறும்போது, தான் வெளியரங்கமாக மட்டுமன்றி வீடுகள்தோறும் போதித்ததையும் நினைவூட்டினார். அந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் கைவிட்டிருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் சபைகள், ஒலியமைப்புக்கும் திரைக்கும் ஒதுக்க எண்ணியிருக்கும் தொகையில் ஒரு பங்கையாவது, சந்திப்புக்குப் போகிறவர்களின் பயிற்சிக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்கட்டும். எந்தெந்தக் குடும்பங்கள் ஒரு வருடத்துக்கு மேலாகச் சந்திக்கப்படவில்லை என்ற கேள்வியை, கணக்கறிக்கைக்கு முன்னதாக, ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முதல் விடயமாக எடுக்கட்டும். தங்கள் பத்திரிகையும் இப்பணியைச் சிறப்பாகச் செய்துவரும் சபைகளின் அனுபவங்களை வெளியிட்டால், எங்களைப் போன்ற சிறிய சபைகளுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இவ்வண்ணம்,
சபை அங்கத்தவர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.