10 வயது ஊசி, 16 வயது ஊசி: பள்ளிச் சேர்க்கையின்போதே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்து வயது ஊசி முடிந்ததும் தடுப்பூசி அட்டையைப் பரணில் போட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அரசின் அட்டவணை அங்கே முடியவில்லை. 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என ரண ஜன்னி (டெட்டனஸ்)–தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கூட்டுத் தடுப்பூசி இரண்டு முறை உண்டு. ஆண், பெண் இருபாலருக்கும் மேல்கையில் 0.5 மி.லி.; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

ஐந்தாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். அன்று லீவு போட்ட பிள்ளைக்கும், பெற்றோர் கையெழுத்துச் சீட்டு திரும்பி வராத பிள்ளைக்கும் பிறகு யார் போடுவது? பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வைக் காரணம் காட்டி முகாமையே தள்ளிவைக்கும் பள்ளிகளும் உண்டு. படிப்பை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த பையன் எந்தப் பட்டியலிலும் இல்லை. துருவோடும் இரும்போடும் புழங்கும் அவனுக்குத்தான் இந்த ஊசி முதலில் தேவை.

"போன வருஷம் அடிபட்டப்போ ஊசி போட்டாச்சே" என்பது அடிக்கடி கேட்கும் பதில். தனியார் கிளினிக்கில் போட்டது பழைய டி.டி. என்றால், அதில் ரண ஜன்னிக்கான மருந்து மட்டுமே இருக்கும். தொண்டை அடைப்பானுக்கு அது உதவாது. சிறுவயதில் பெற்ற எதிர்ப்பு ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது. 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தபோது பள்ளி வயதுப் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள்.

சிறுவயதில் எதுவுமே போடாத பிள்ளைக்கு ஒரே ஊசி போதாது. ஏழு வயதைத் தாண்டியவர்களுக்கு இதே கூட்டு ஊசியை நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையும், ஆறு மாதம் கழித்து மூன்றாவது முறையும் போட வேண்டும். இடையில் தாமதமானால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இது தெரியாமல் "நாள் தப்பிப்போச்சு" என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

அட்டையை எடுக்கும்போது இன்னும் இரண்டு வரிகளைப் பாருங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான மருந்தும் சேர்ந்த பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க் கூட்டு ஊசி தமிழகத்தில் 2011 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் அட்டையில் ஹெபடைடிஸ் பி தனியாகக் குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அடுத்தது தட்டம்மை–ரூபெல்லா. 2017 பிப்ரவரி முகாமில் போட்டதற்குத் தனிச் சீட்டுதான் தந்தார்கள். அது தொலைந்து, சந்தேகம் இருந்தால், கர்ப்பிணிகள் தவிர மற்றவர்கள் இன்னொரு முறை போட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசியை மருத்துவமனையில் காசு கொடுத்துப் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. 15-வது பிறந்தநாளுக்கு முன் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, தாண்டிவிட்டால் மூன்று. இரண்டாவதை அவசரப்பட்டு ஐந்து மாதத்துக்குள் போட்டாலும் மூன்றாவது தேவைப்படும். 9 முதல் 20 வயதுவரை ஒரே தவணையும் ஏற்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. அதனால் முகாமில் ஒன்று போட்ட பெண்ணை "பாதியில் விட்டவள்" என்று பயமுறுத்த வேண்டாம்.

பள்ளி முகாம் நடத்துவோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கூட்டு ஊசி மருந்து உறைந்தால் கெட்டுவிடும். குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பங்காட்டி உறைந்ததைக் காட்டாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்துவிட்டுத்தான் மருந்து கொண்டுபோகும் கேரியரில் வைக்க வேண்டும். பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, உட்காரவைத்து, திரை மறைவில் போடுங்கள். வரிசையில் நிற்பவர் கண்ணெதிரே ஒருத்தி மயங்கினால் பின்னால் நாலு பேர் மயங்குவார்கள், மருந்தில் குறையே இல்லாவிட்டாலும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரட்டும்.

கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை. ஆறாம், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் மாற்றுச் சான்றிதழுடன் தடுப்பூசி அட்டை நகலையும் கேட்க வேண்டும். இல்லாதவரைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. பெயர்ப் பட்டியலை அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்தால், அடுத்த புதன்கிழமை முகாமிலேயே விடுபட்டவர்களுக்குப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்