மந்தைக்கு மதில் வேண்டாம்: எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் பஞ்சாயத்தின் தலைவருக்கும் வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பொதுவெளியான மந்தையைச் சுற்றி மதில் கட்டி, செயற்கைப் புல் விரித்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப் போவதாகப் போன கிராம சபையில் சொன்னீர்களாம். அன்றைக்கு நான் ஊரில் இல்லை. நானும் வீட்டுக்காரரும் மகளைப் பார்க்க ஸ்காட்லாந்து போயிருந்தோம். திரும்பி வந்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோதுதான் மந்தையின் நாலு மூலையிலும் அளவுக்கல் நட்டிருப்பதைப் பார்த்தேன். பால் தூக்கோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பத்து நாளைக்கு முன்னால் நான் பார்த்துவிட்டு வந்த ஒரு மைதானத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மகள் எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்க் கோட்டையையும் பழைய கல் வீதிகளையும் அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேலை வந்துவிட்டதால் எங்கள் இரண்டு பேரை மட்டும் ரயில் ஏற்றிவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊர் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. 1890-இல் திறந்த ஃபோர்த் எஃகுப் பாலத்தின் மேல் ரயில் போகும்போது கீழே கடலைப் பார்த்து இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். லூக்கர்ஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்ச் சேர்ந்தோம்.

சின்ன ஊர்தான். ஆனால் 1413-இலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்ட ஊர். ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே பெரிய தேவாலயம் அங்கே இருந்திருக்கிறது. 1559-இல் மதச் சண்டையில் பாழானதில் இப்போது கோபுரமும் சில சுவர்களும்தான் மிச்சம். அதன் கல்லைத்தான் ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடலோரம் போனால், உலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லாம் கோயில் மாதிரி நினைக்கும் 'ஓல்ட் கோர்ஸ்' மைதானம். 2022-இல் 'ஓப்பன்' என்ற பெரிய கோல்ஃப் போட்டி 150-ஆவது தடவையாக நடந்த இடம் அது.

அங்கே மதில் இல்லை. நான் கேட்டைத் தேடினேன், அதுவும் இல்லை. ஊர்த் தெரு முடிகிற இடத்தில் புல் தொடங்குகிறது. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் பந்தடிக்கிற புல்வெளிக்குக் குறுக்கே கடற்கரைக்குப் போகும் பொதுப்பாதை ஒன்று ஓடுகிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் போனாள், நாங்களும் பின்னாலேயே போனோம். மட்டையை ஓங்கியிருந்த ஒருவர் அதை இறக்கிவிட்டு, நாங்கள் கடக்கும்வரை நின்றார். எதற்காக எங்களுக்கு நிற்கிறார் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. நடக்கிறவர்களுக்கு அங்கே உரிமை இருக்கிறது என்று மகள் பிறகு சொன்னாள். ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாமல், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லை மிதிக்காமல் கோல்ஃப் மைதானத்தை யாரும் கடந்து போகலாம். 2003-இல் அதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் ஞாயிறு. பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. நாயோடு வந்தவர்கள், கைத்தடியோடு வந்தவர்கள், உருண்டு விளையாடும் பிள்ளைகள். அந்தக் காலத்தில் புல்தரையைப் பராமரித்த ஓல்ட் டாம் மாரிஸ், ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் தரைக்கு வேண்டும் என்று சொன்னதாக அந்த ஊரில் பேச்சு. இவர் தென்னந்தோப்புக்காரர் அல்லவா, குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மணல். இது வெள்ளாமைக்கு ஆகாது, ஆடு மேய்க்கத்தான் ஆகும்" என்றார். உண்மையிலேயே அது ஆடு மேய்ந்த நிலம்தான். ஸ்வில்கன் ஓடைமேல் இருக்கும் சின்னக் கல்பாலத்தில் நின்று படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதை மேய்ப்பர்கள் ஆடுமாடுகளை ஓட்டிப்போகக் கட்டினார்களாம். அங்கே நின்றபோது எனக்கு நம் மந்தைதான் நினைவுக்கு வந்தது. நம்முடையதும் ஊர் மாடெல்லாம் கூடிய இடம்தானே?

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். அந்த நிலத்தில் விளையாடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று 1552-ஆம் வருஷத்துப் பத்திரமே இருக்கிறது. அப்படியிருந்தும் அது ஒருமுறை கைவிட்டுப் போனது. 1797-இல் நகரசபை கடனில் மூழ்கியது. வருமானத்துக்காக நிலத்தில் முயல் வளர்க்க விட்டார்கள். முயல் புல்லையெல்லாம் குழி தோண்டிப் போட, விளையாடுகிறவர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டிலும் களத்திலும் சண்டை. 1821-இல் பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் அதை வாங்கிக் காப்பாற்றினார். நகரசபை நிலத்தைத் திரும்ப வாங்கியது நாடாளுமன்றச் சட்டம் போட்டு 1894-இல்தான். கடன் நெருக்கடியில் விட்டதைப் பிடிக்க ஏறக்குறைய நூறு வருஷம். 1974 முதல் ஊருக்காக ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. வெளியூர்க்காரர்கள் நிறையக் காசு கொடுத்து ஆடுகிறார்கள், ஊர்க்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வருஷ டிக்கெட். அங்கேயும் வருமானம் வருகிறது. ஆனால் வருமானத்துக்காக யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

பஞ்சாயத்துக்குச் சொந்த வருமானம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. நல்ல தரையில் ஃபுட்பால் ஆட ஆசைப்படும் பையன்களையும் தெரியும், என் நாத்தனார் மகனும் அவர்களில் ஒருவன். ஆனால் மதில் வந்துவிட்டால் நிலக்கடலையும் கொப்பரையும் எங்கே காயப்போடுவோம்? மாரியம்மன் சாட்டுக்குக் கம்பம் நட்டு ராத்திரி ஆடுகிற இடம் அது. சாயங்காலம் வேலை முடித்து வரும் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் பயமில்லாமல் நடக்கிற ஒரே இடமும் அதுதான். நாங்கள் யார் மணிக்கணக்குக்குக் காசு கட்டி நடக்கப்போகிறோம்? காலனியிலிருந்து ரேஷன் கடைக்கு வருகிறவர்கள் காலங்காலமாக அந்த ஒற்றையடிப் பாதையில்தான் வருகிறார்கள். மதில் வந்தால் அரிசிச் சுமையோடு மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும். வயசானவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஊரில் பெண்களுக்கென்றே 1867-இல் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அடக்கமில்லை என்று நினைத்த காலம். அதனால் மேடும் பள்ளமுமான ஒரு புல்தரையில் பந்தை மெதுவாகத் தட்டிக் குழியில் விடுகிற ஆட்டம். அந்தத் தரைக்கு 'இமாலயாஸ்' என்று பெயர். இப்போது கொஞ்சம் காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். சனிக்கிழமை சாயங்காலம் நானும் சேலையோடு ஆடினேன். இவர் எண்ணிக்கொண்டே வந்தார். அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. பொது இடம் என்றால் அதில் எனக்கும் ஒரு மூலை இருக்க வேண்டும் என்று இந்த வயசில் தோன்றியது அங்கேதான்.

பையன்களுக்கு மேற்குப் பக்கத்தில் நல்ல தரை போட்டுக் கொடுங்கள், பந்து ரோட்டுக்குப் போகாமல் அந்தப் பக்கம் மட்டும் வலை கட்டுங்கள். வெளியூர் டீம் வந்தால் வாடகை வாங்குங்கள், ஊர்ப் பிள்ளைகளிடம் வாங்க வேண்டாம். மற்றபடி மதிலும் கேட்டும் வேண்டாம். காலனிப் பாதையைக் கல் பதித்து அப்படியே விடுங்கள். சாட்டு நாட்களையும் கடலை காயும் மாதத்தையும் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்னால் இதை இன்னொரு தடவை கிராம சபையில் வையுங்கள். சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு சபை கூடத்தானே வேண்டும்?

நான் வருவேன். அந்தப் பொதுப்பாதையில் இவர் எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மந்தைக்கு எதிர்வரிசையில் குடியிருக்கும் ஒருத்தி