வாஷிங்டனுக்குக் கல் நட்ட கதையில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்கத் தலைநகர் உருவான கதையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, நில அளவைக் குழுவில் வேலை பார்த்த பெஞ்சமின் பெனேக்கர் வரும் இடம் மட்டும் இடிக்கிறது. நகரத்துக்குத் திட்டம் போட்ட லான்ஃபான் கோபித்துக்கொண்டு வரைபடத்தோடு கிளம்பிவிட, பெனேக்கர் அதை ஞாபகத்திலிருந்தே வரைந்து கொடுத்தாராம். லான்ஃபானை நீக்கியது 1792 பிப்ரவரியில், பெனேக்கரோ 1791-லேயே தன் பண்ணைக்குத் திரும்பிவிட்டார், அப்புறம் எப்படி? வரைபடத்தைத் திருத்தி முடித்தவர் அளவைக் குழுவின் தலைவர் ஆண்ட்ரூ எலிகாட்.

பெனேக்கர் நிஜமாகச் செய்த வேலையை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அதில்தான் வருத்தம். தலைநகருக்கு எடுத்துக்கொண்ட நிலம் பக்கத்துக்கு 10 மைல் உள்ள சதுரம், அதன் நான்கு மூலையும் நான்கு திசையைப் பார்க்க வேண்டும், அதாவது எல்லைக்கோடு வடக்கிலிருந்து சரியாக 45 பாகை சாய்ந்து போக வேண்டும். வடக்கை ஒரு பாகை தப்பாகப் பிடித்தால் 10 மைல் முடிவில் 900 அடிக்கு மேல் விலகிவிடும். திசைகாட்டி இருக்கிறதே என்பீர்கள். எங்கள் கஞ்சமலையில் இருப்பது காந்த இரும்புத் தாது, அடிவாரத்தில் திசைகாட்டி வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த முள்ளை நம்பி ஆட்டுப்பட்டிக்குக்கூட வேலி போட முடியாது. இரும்பே இல்லாத இடத்திலும் முள் காட்டும் வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

அதனால்தான் வானத்தைப் பார்த்தார்கள். பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஜோன்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் கூடாரம், அதற்குள் நேர் உச்சியைப் பார்க்க நிறுத்திய தொலைநோக்கி, அதன் அடியில் மல்லாந்து படுத்து நட்சத்திரம் உச்சியைக் கடப்பதைக் குறிக்க வேண்டும். உச்சிக்கு அருகில் காற்று ஒளியை அவ்வளவாக வளைக்காது, கணக்கு சுத்தமாக வரும். ஆனால் வானம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, ஆகவே கடிகாரம் பிசகினால் எல்லாம் பிசகும். குளிருக்கும் வெயிலுக்கும் ஊசல் நீண்டு சுருங்கும், பகலில் சூரியனின் உயரத்தை அளந்து கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 60 வயதில், அதிகம் பள்ளிக்கூடம் போகாத கறுப்பின விவசாயியான பெனேக்கர் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது இந்தக் கடிகாரத்தைத்தான். இளம் வயதில் மரத்தாலேயே கடிகாரம் செய்தவரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடுவார்கள்?

நட்சத்திரம் இடத்தைச் சொல்வதை நீங்களே பார்க்கலாம். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் பக்கம் மேகமில்லாத ராத்திரியில் வடக்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே நிற்கும், சுமார் 12 பாகை, நம் அட்சரேகையும் அதுதான். வாஷிங்டனில் அதே நட்சத்திரம் 39 பாகை உயரத்தில்.

அந்தச் சதுரத்தின் முதல் எல்லைக்கல்லை 1791 ஏப்ரல் 15-ல் நட்டார்கள். மைலுக்கு ஒன்றாக மொத்தம் 40 கல், பெரும்பாலானவை இன்னும் இருக்கின்றன. எங்கள் தோட்டத்து மூலைக்கல் பத்து வருடத்தில் இரண்டு முறை இடம் மாறிவிட்டது, அது எந்த நட்சத்திரத்தைப் பார்த்து நடந்ததோ!

திருத்தம் போடும்போது கடிகார வேலைக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இளம்பிள்ளை, சேலம்.