கல் பள்ளிக்கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். கான்சாஸ் மாநிலம் சேஸ் கவுண்டியில் உள்ள நம் ஒற்றையறைக் கல் பள்ளிக்கூடத்தின் சுவர்ப்பணி முடிந்தது. நன்கொடையில் பெரும்பங்கு கல் இடுக்குகளுக்கே செலவானது. அதன் காரணத்தை விளக்கவே இந்த அறிக்கை.

நம் பகுதியான ஃபிளிண்ட் ஹில்ஸ் புல்வெளியில் மரம் அரிது. சுண்ணாம்புக்கல் மேல்மண்ணை ஒட்டியே கிடைக்கும். குடியேறியவர்கள் வேலி முதல் 1873இல் காட்டன்வுட் ஃபால்ஸில் கட்டி முடித்த நீதிமன்றம் வரை அந்தக் கல்லிலேயே எழுப்பினார்கள். 1882இல் கட்டிய லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளியும் அப்படித்தான். நிலத்துக்கும் வழி இருந்தது: ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் (36 பகுதிகளாகப் பிரித்த நில அளவைச் சதுரம்) 16, 36 எண்ணுள்ள பகுதிகளைப் பள்ளிகளுக்கென ஒதுக்கியிருந்தார்கள்.

அன்றைய கொத்தர்கள் வைத்தது சுண்ணாம்புச் சாந்து. பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்ட் பூசியதுதான் கேடு. சிமெண்ட் கல்லைவிடக் கடினம். ஈரத்தையும் வெளியே விடாது. தேங்கிய நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிய, இடுக்கிலிருந்த சிமெண்ட் அப்படியே நிற்கக் கல்லின் முகம் பொரிந்து உதிர்ந்தது. வடக்குச் சுவரின் கீழ்வரிசைகளில் சேதம் மிக அதிகம்.

சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே எடுத்தோம். அறுக்கும் இயந்திரம் வேகமானதுதான். ஆனால் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும்; போன விளிம்பை மீட்க முடியாது. குறைந்தது ஒரு அங்குல ஆழம் தோண்டி, தூசி கழுவி, கல்லை நனைத்த பிறகே ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல் கலந்த சாந்தை அடுக்கடுக்காக அழுத்தினோம். ஒரே வீச்சில் அடைத்தால் உள்ளே இறுகாமல் வெடிக்கும். வெயிலும் காற்றும் படாதபடி ஈரச்சாக்கு போர்த்தினோம். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாந்து இறுகாது என்பதால் குளிர் தொடங்குமுன்பே வேலையை நிறுத்தி, மீதியை வசந்தத்தில் முடித்தோம். தாமதம் அதனால்தான்.

காட்டன்வுட் எனப்படும் இவ்வூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கோதுமை மணி போன்ற புதைபடிவங்கள் நெருங்கிக் கிடக்கும். மாற்றுக்கல்லை நிறத்தைவிட அந்த மணிகளைப் பார்த்தே தேர்ந்தோம்; கல் படிந்து உருவான அடுக்கு வரி படுக்கையாக இருக்கும்படி பதித்தோம். வரி செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் ஏடு ஏடாக உரியும். சுவரடியில் ஏறியிருந்த மண்ணை வெட்டித் தாழ்த்தியதில் தரைக்கடியிலுள்ள காற்றுத் துளைகளும் திறந்துகொண்டன.

இனிச் சுவருக்கு நீர்த்தடைப் பூச்சு எதையும் அடிக்கவேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கூரை ஓர மழைநீர் வாய்க்காலை இலையுதிர்காலம் முடிந்ததும் வழித்தெடுங்கள். மழைக்குப் பின் வடக்கு மூலை நெடுநாள் உலராதிருந்தால் குழுவுக்குத் தெரிவியுங்கள்.