ஓ பிரிவு என்றால் மலேரியா வராதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரத்தப் பிரிவுகளையும் நோய்களையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஓ பிரிவினருக்கு மலேரியா வராது’ என்று அதில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வட சென்னையில் மலேரியா இரத்தத் தடவல் பார்ப்பதையே வேலையாகச் செய்து ஓய்வுபெற்றவன் நான். விரல் நுனியில் குத்த ஊசியை எடுக்கும்போதே, “சார், நான் ஓ பாசிட்டிவ், எனக்கெல்லாம் அது இருக்காது” என்று சொல்கிறவர்கள் உண்டு. சாயம் ஏற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்சைத் தாழ்த்திப் பார்த்தால், அவர்களில் சிலருடைய தகட்டிலும் ஊதிப் பெருத்த சிவப்பணுக்களுக்குள் மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒரு வகையான வைவாக்ஸ் தெளிவாகத் தெரியும்.

கட்டுரையாளர் சொன்னது முழுக்கக் கற்பனை இல்லை. இரத்தப் பிரிவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 567 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. உயிருக்கு ஆபத்தான கடும் மலேரியா கண்ட குழந்தைகளில் ஓ பிரிவினர் 21 சதவீதம்தான். சாதாரண மலேரியா வந்த குழந்தைகளிலும், நோயே இல்லாத குழந்தைகளிலும் அவர்கள் 44, 45 சதவீதம் இருந்தார்கள். இந்தக் கடைசி இரண்டு எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காய்ச்சல் வந்தவர்களிலும் வராதவர்களிலும் ஓ பிரிவினர் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியென்றால் அவர்களுக்கும் மலேரியா மற்றவர்களைப் போலவேதான் வருகிறது. வந்தபிறகு நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்புதான் குறைகிறது.

அதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். பால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, பக்கத்திலுள்ள நல்ல அணுக்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கொத்தாகத் திரளும். இந்தக் கொத்துகள் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிட்டால் நோயாளி நினைவிழந்து போவார். ஏ, பி பிரிவு அணுக்களின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகள் இப்படி ஒட்டுவதற்கு நல்ல பிடிமானம். ஓ பிரிவில் அந்தச் சர்க்கரைகள் இல்லை. கொத்து சிறிதாகவே இருக்கும், எளிதில் கலைந்தும் விடும்.

இதெல்லாம் பால்சிபாரத்தின் கதை. சென்னையில் நான் தகடு தகடாகப் பார்த்தது பெரும்பாலும் வைவாக்ஸ். அதற்கு ஏ, பி, ஓ எல்லாம் பெரிய பொருட்டே இல்லை. அது பார்ப்பது டஃபி என்ற வேறொரு இரத்தப் பிரிவை. சிவப்பணுவின் மேலுள்ள டஃபி புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைவாக்ஸ் உள்ளே நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அணுக்களில் அந்தப் புரதமே கிடையாது. அங்கே வைவாக்ஸ் அரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று 1976-இல் லூயிஸ் மில்லர் குழுவினர் காட்டினார்கள். அதிலும் ஓட்டை உண்டு. டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் தொற்றியதை மடகாஸ்கரில் கண்டு 2010-இல் எழுதினார்கள். நம் மக்களிடம் டஃபி புரதம் பரவலாகவே இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் அச்சிட்டிருக்கும் இரத்தப் பிரிவு இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

கட்டுரையில் வயிற்றுப் பூச்சிகளையும் இதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஜியார்டியா போன்றவற்றில் ஓர் ஆய்வு சொன்னதை இன்னோர் ஆய்வு மறுத்திருக்கிறது. மலேரியாவுக்குள்ள அளவு ஆதாரம் அங்கே இல்லை.

எனக்குள்ள கவலை இதுதான். ‘நமக்கு வராது’ என்ற நினைப்பு இருப்பவர் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவார். அதற்குள் ஆனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அவரைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். நல்ல தண்ணீரில், மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற கொசு அது. அப்புறம் வைவாக்சுக்கு ஒரு கெட்ட குணம்: இரத்தத்தில் ஒழிந்தாலும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடியும் கிளம்பும். அதற்காகத்தான் மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு அதே நடுக்கத்தோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது. கர்ப்பிணிகளுக்கும் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் பிரைமாகுயின் ஆகாது என்பதால், மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த முடிவுகள் எதிலும் ஏ, பி, ஓ பிரிவைக் கேட்பதில்லை.

உங்கள் இதழை வீட்டில் எல்லாரும் நம்பிப் படிக்கிறோம். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். காய்ச்சல் கண்டால் மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்பதையும் கூடவே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
இராயபுரம், சென்னை.